வெளியே வராத கோரைப்பல்: எந்த வயதில் என்ன செய்வது?

நான்காம், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். மேல்வரிசையில் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். முதல் இரண்டும் முன்பற்கள். மூன்றாவது கோரைப்பல். கூர்மையாக இருப்பதால் வேட்டைப்பல் என்றும், கொஞ்சம் தூக்கிக்கொண்டு வளர்ந்தால் சிங்கப்பல் என்றும் சொல்வோம். இந்த மூன்றாவது பல்லைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

பால்பல் விழுந்து, அதே இடத்தில் நிலைப்பல்லாகக் கோரைப்பல் முளைப்பது பெரும்பாலும் 11, 12 வயதில். பெண்பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாக, ஆண்பிள்ளைகளுக்குச் சற்றுப் பின்னதாக வரும். ஆனால் 100 பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இந்தப் பல் வெளியே வருவதே இல்லை. தாடை எலும்புக்குள்ளேயே சாய்ந்தோ, படுத்தோ நின்றுவிடுகிறது. ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் சிக்கிக்கொள்ளும் பல் மேல்தாடைக் கோரைப்பல்தான். கீழ்த்தாடையிலும் இப்படி ஆவதுண்டு, ஆனால் மிகக் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மடங்குக்கும் மேல் காணப்படுகிறது.

இதில் தொல்லை என்னவென்றால், வலி இல்லை. வீக்கம் இல்லை. அந்த இடத்தில் பால்பல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் ஓட்டையும் தெரியாது. "எங்க பிள்ளைக்குப் பல் நல்ல கெட்டி, இன்னும் விழவே இல்லை" என்று உம்மாமார்கள் பெருமையாகச் சொல்வதுகூட உண்டு. பதினான்கு வயதில் பால்பல் கெட்டியாக இருப்பது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல, விசாரிக்க வேண்டிய செய்தி. விசாரிக்காமல் விட்டால் இருபது வயதுக்கு மேல், பெரும்பாலும் நிக்காஹ் பேச்சு நடக்கும் நேரத்தில், அந்தப் பால்பல் ஆட ஆரம்பிக்கும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரியவரும். பத்து வயதில் ஒரு பால்பல்லை எடுப்பதோடு முடிந்திருக்கக்கூடிய காரியம், அப்போது அறுவை சிகிச்சையும் இரண்டு வருடக் கம்பியுமாக வளர்ந்து நிற்கும்.

ஏன் சிக்கிக்கொள்கிறது?

கோரைப்பல் உருவாகும் இடம் மேல்தாடையில் மூக்கின் பக்கவாட்டில், வெகு உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வாய்க்குள் வந்து சேர 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் அது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் நகர வேண்டும். வேறு எந்தப் பல்லுக்கும் இவ்வளவு நீண்ட பயணம் இல்லை. பக்கத்துப் பற்கள் எல்லாம் இடம்பிடித்து உட்கார்ந்த பிறகு வந்து சேரும் பல் இது. கல்யாணப் பந்தியில் கடைசியாக வருகிறவர் இலைக்கு இடம் தேடுவது போலத்தான்.

வழிகாட்டியும் வேண்டும். இரண்டாவது முன்பல்லின் வேரை ஒட்டியே கோரைப்பல் இறங்கி வருகிறது, பந்தக்காலைப் பற்றிக்கொண்டு கொடி வருவதைப் போல. அந்த இரண்டாவது பல் பிறவியிலேயே இல்லாமல் இருந்தாலோ, ஆணி போல ஒல்லியாக இருந்தாலோ, கோரைப்பல் வழி தவறி அண்ணத்தின் பக்கம் போய்விடும் வாய்ப்பு அதிகம். ஆகவே பிள்ளைக்கு இரண்டாவது முன்பல் சின்னதாகத் தெரிந்தால் அதையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வழியாகவும் இது வருகிறது. ராத்தாவுக்கு இருந்தது என்றால் தங்கச்சி, தம்பிமார்களையும் பார்த்துவிடுவது நல்லது.

சிக்கிய பல் கன்னத்துப் பக்கம் நிற்கலாம், அண்ணத்துப் பக்கமும் நிற்கலாம். கன்னத்துப் பக்கம் நிற்பதற்குப் பெரும்பாலும் இடநெருக்கடிதான் காரணம். அண்ணத்துப் பக்கம் போன பல்லின் கதை வேறு. அங்கே பல வேளைகளில் இடம் தாராளமாகவே இருக்கும், திசைதான் தவறியிருக்கும். "பல்வரிசை அழகாக இருக்கிறதே, நெருக்கமே இல்லையே, பிறகு எப்படி?" என்று பெற்றோர் கேட்பது இதனால்தான்.

விரலால் தடவிப் பார்க்கும் சோதனை

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கையைக் கழுவிவிட்டு, பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாகத் தடவுங்கள். கொண்டைக்கடலை அளவில் கெட்டியான ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பல்லின் தலைதான் அது. இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் மேடு இருந்தால் அநேகமாகப் பல் சரியான பாதையில் வருகிறது.

ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டாலும், பத்தரை, பதினொரு வயதாகியும் இரண்டு பக்கமும் மேடே தட்டுப்படாவிட்டாலும், அண்ணத்தில் புடைப்பாக ஏதேனும் தெரிந்தாலும், இரண்டாவது முன்பல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விலகினாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டு வயதுக்கு முன்பு தடவிப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்போது பல் மிக மேலே இருக்கும். உங்கள் விரலுக்குத் தெரியவில்லை என்பதாலேயே பல் சிக்கிவிட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். மருத்துவரின் விரல் பழகிய விரல். அவரும் சந்தேகப்பட்டால்தான் எக்ஸ்ரே.

எக்ஸ்ரேயில் முதலில் எடுப்பது முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. பல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அதில் தெரியும். முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாது, ஏனென்றால் படம் தட்டையானது. அதற்காக, குழாயைச் சற்று நகர்த்தி இரண்டு சிறிய படங்கள் எடுத்து ஒப்பிடுவார்கள். ஓடும் பேருந்தின் ஜன்னலில் பார்த்தால் பக்கத்து மரம் பின்னால் ஓடுவதும், தூரத்து மலை நம்மோடு கூடவே வருவதும் நாம் பார்த்ததுதானே? அதே கணக்குத்தான். குழாய் நகர்ந்த திசையிலேயே பல்லும் நகர்ந்தாற்போல் தெரிந்தால் அது அண்ணத்துப் பக்கம் இருக்கிறது, எதிர்த்திசையில் போனால் கன்னத்துப் பக்கம். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய முறை, இன்றும் பயன்படுகிறது. சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை. பக்கத்துப் பல்லின் வேர் கரைகிறதோ என்ற சந்தேகம் இருந்தாலோ, அறுவைக்குத் திட்டமிடும்போதோ கேட்டால் மறுக்க வேண்டாம்.

வேர் கரைவது என்று சொன்னது அச்சுறுத்த அல்ல, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தவறான திசையில் போகும் கோரைப்பல் முன்பல்லின் வேரில் போய் இடித்து அதைக் கரைத்துவிடக்கூடும். சாதாரண எக்ஸ்ரேயில் இது பல வேளைகளில் தெரிவதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சன், குரோல் என்ற இரு மருத்துவர்கள் வழிதவறிய கோரைப்பல் உள்ள பிள்ளைகளை சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது, அதை ஒட்டியிருந்த இரண்டாவது முன்பற்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் வேர்க்கரைவு இருந்தது. ஒளிந்திருக்கும் பல் பாட்டுக்கு இருக்கட்டும் என்று சின்ன வயதில் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுதான் முதல் காரணம். ஆறுதலான செய்தியும் உண்டு: கோரைப்பல்லை அங்கிருந்து நகர்த்திவிட்டால் கரைவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆடாத பல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள், அண்ணத்துப் பக்கம் போகும் கோரைப்பல்லைக் கண்டுபிடித்துவிட்டால் மருத்துவர் முதலில் சொல்லக்கூடிய யோசனை: பால் கோரைப்பல்லை எடுத்துவிடலாம். இங்கேதான் பல வீடுகளில் தகராறு வரும். "நல்லா இருக்கிற பல்லைப் போய்ப் பிடுங்கச் சொல்றாங்களே" என்று நன்னிமா கோபிப்பார். வாப்பா இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்பார். இப்படியே ஒரு வருடம் ஓடும். அந்த ஒரு வருடம்தான் விலைமதிப்புள்ளது.

பால்பல்லின் வேரை அடியிலிருந்து கரைத்துக்கொண்டு மேலே வர வேண்டியது நிலைப்பல்லின் வேலை. திசை தவறிய பல் அந்த வேலையைச் செய்யாததால் பால்பல் கெட்டியாகவே நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் பாதை திறக்கிறது. மேலே சொன்ன எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் 46 கோரைப்பற்களுக்கு இப்படிச் செய்து பார்த்தார்கள். அவற்றில் 36, அதாவது 78 சதவீதம், ஒரு வருடத்துக்குள் சரியான பாதைக்குத் திரும்பின. கோரைப்பல்லின் தலை இரண்டாவது முன்பல்லின் நடுக்கோட்டைத் தாண்டாமல் இருந்தபோது 91 சதவீதம் சரியாயின. தாண்டிப் போயிருந்தபோது 64 சதவீதம்தான். எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதைக் கணக்காகவே காட்டும் எண்கள் இவை.

பல்லைப் பிடுங்காவிட்டால் தானாக வராதா? சில வரும். அதே நாட்டில் பின்னர் 2015-இல் வெளியான, இன்னும் கண்டிப்பான ஓர் ஆய்வில், பால்பல்லை எடுத்தவற்றில் 100-க்கு 69 கோரைப்பற்கள் தாமாக முளைத்தன, எடுக்காதவற்றில் 39. ஆகவே பிடுங்கினால் நிச்சயம் வந்துவிடும் என்று மருத்துவர் உறுதி கொடுக்க முடியாது. நீங்களும் அப்படிக் கேட்டு அவரை நெருக்க வேண்டாம். மரப்பு ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு காரியம், பிள்ளையை ஓர் அறுவையிலிருந்து காப்பாற்றக்கூடும் என்றால் செய்து பார்ப்பதுதான் என் பார்வையில் சரி.

இடநெருக்கடி இருந்தால் தாடையை அகலப்படுத்தும் கருவியோ, இடம் பிடித்து வைக்கும் கம்பியோ சேர்த்துப் போடுவார்கள். பல்லை எடுத்துவிட்டு மறந்துவிடுவதுதான் பெரிய தவறு. ஆறு மாதத்தில் ஒரு தடவை பார்த்து, ஒரு வருடத்துக்குள் மீண்டும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு வருடமாகியும் பல் அசையவில்லை என்றால் இனியும் காத்திருப்பதில் பொருளில்லை.

பதின்மூன்று வயதுக்கு மேல்

இந்த வயதில் பல்லின் வேர் முழுமையடைந்துகொண்டிருக்கும். தானாக வரும் வாய்ப்பு குறைந்துவிட்டதால் பல்லைத் திறந்து, இழுத்து, வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு இருவர் வேண்டும்: கம்பி போடும் பல் சீரமைப்பு நிபுணர், எலும்பைத் திறக்கும் முகத்தாடை அறுவை நிபுணர். இருவரும் ஒருவரோடொருவர் பேசித் திட்டமிடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் ஓர் ஊரிலும் மற்றவர் இன்னோர் ஊரிலும் இருந்து, பேசிக்கொள்ளாமல் செய்தால் பிள்ளைதான் சிரமப்படும்.

முதலில் பற்களுக்குக் கம்பி போட்டு, கோரைப்பல்லுக்கு இடம் உண்டாக்குவார்கள். இதற்கே பல மாதங்கள் ஆகும். பிறகு மரப்பு ஊசி போட்டு ஈற்றைத் திறந்து, மேலே மூடியுள்ள எலும்பைக் கொஞ்சம் நீக்கி, பல்லின் தலையை வெளிப்படுத்துவார்கள். அண்ணத்துப் பல்லுக்கு ஈற்றில் ஜன்னல் போலத் திறந்துவிட்டு மருந்துக் கட்டு வைப்பது ஒரு முறை. பல்லில் சிறிய கொக்கியையும் மெல்லிய சங்கிலியையும் ஒட்டி, ஈற்றை மறுபடி தைத்து மூடிவிடுவது இன்னொரு முறை. இரண்டில் எது மேல் என்று உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. பல் நிற்கும் இடத்தையும் மருத்துவரின் பழக்கத்தையும் பொறுத்து அவரே தீர்மானிக்கட்டும். கன்னத்துப் பக்கப் பல்லில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: மேலே உள்ள மெல்லிய ஈற்றை வெறுமனே வெட்டி எறிந்துவிடக் கூடாது. எறிந்தால் பல் வந்த பிறகு ஈறு ஏறிப்போய், பல் நீளமாகத் தெரியும்.

இந்தச் சங்கிலி சில இடங்களில் தங்கத்தாலோ தங்கமுலாம் பூசியோ வருகிறது. ஆண்பிள்ளைக்குத் தங்கமா என்று தயங்குகிறவர்களுக்கு: போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு வெள்ளி மூக்கு ஒத்துவராமல் நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. பல்லைத் தங்கத்தால் கட்டுவதற்கும் அறிஞர்கள் அதையே ஆதாரமாகக் கொண்டார்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் எஃகுச் சங்கிலி இருக்கிறது, கேட்டால் போடுவார்கள்.

அறுவைக்குப் பிறகு நாலைந்து நாள் வீக்கமும் வலியும் இருக்கும். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், குழைந்த சோறு, கஞ்சி. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. இது அவசர அறுவை அல்ல என்பதால் நோன்பு மாதத்தில் வைத்துக்கொள்ளாமல் பெருநாளுக்குப் பின், அல்லது பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் சௌகரியம். மருந்தும் உணவும் வேளைக்குப் போக வேண்டுமல்லவா?

இழுப்பது மிக மெதுவாக நடக்கும், மிக லேசான விசையில். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் வேரும் ஈறும் கெடும். கம்பி போட்டது முதல் கழற்றுவது வரை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல் எவ்வளவு மேலே, எவ்வளவு சாய்ந்து இருக்கிறதோ அவ்வளவு கூடும். கடைசி வருடத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வருமா, பிள்ளை வெளியூர் விடுதிக்குப் போகுமா என்பதை ஆரம்பத்திலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். மாதாமாதம் போகாமல் பாதியில் நிற்கும் கம்பி, போடாத கம்பியைவிடக் கெடுதல். கம்பியைச் சுற்றி அழுக்கு சேர்ந்து பற்கள் சொத்தையாகும்.

இருபது, முப்பது வயதில் தெரியவந்தால்

அப்போதும் வழி இருக்கிறது, ஆனால் உறுதி குறைகிறது. ஏட்ரியன் பெக்கர், ஸ்டெல்லா சௌஷு என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதினரில் எல்லோருக்கும் பல்லைக் கொண்டுவர முடிந்தது. பெரியவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குத்தான் முடிந்தது. முடியாமல் போனவர்கள் 30 வயதைத் தாண்டியவர்கள். வயது ஏறஏறப் பல் எலும்போடு ஒட்டிப்போய்விடும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி ஒட்டிய பல்லை இழுத்தால் அது வராது, இழுக்கும் பற்கள்தான் அதன் பக்கம் இழுபடும். பெரியவர்களுக்கு இதைத் தொடங்கும் மருத்துவர் "சில மாதம் இழுத்துப் பார்ப்போம், வரவில்லையென்றால் மாற்று வழி" என்று முன்கூட்டியே சொல்கிறார் என்றால் அவர் நேர்மையானவர்.

மாற்று வழிகள் என்ன? பால்பல் வேரோடு கெட்டியாக இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பல வருடம் தாங்கியவர்கள் உண்டு. பல் நிறப் பசையால் அதைக் கோரைப்பல் போலவே உருவாக்கிவிடவும் முடியும். உள்ளே கிடக்கும் பல் யாரையும் தொந்தரவு செய்யாவிட்டால் அதை விட்டுவிட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் நீர்க்கட்டி எதுவும் வளரவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம். அதை எடுத்தாக வேண்டும் என்றால் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம். ஆனால் வளர்ச்சி நின்ற பிறகுதான். பதினாறு வயதுப் பையனுக்கு இம்ப்ளான்ட் வைத்தால், பக்கத்துப் பற்கள் தாடையோடு வளர்ந்து இறங்க, அது மட்டும் மேலேயே நின்று குட்டையாகிவிடும். சிலருக்கு அடுத்த சிறு கடைவாய்ப்பல்லைக் கோரைப்பல் இடத்துக்கு நகர்த்திச் சமாளிப்பதும் உண்டு.

நிக்காஹ் தேதி குறித்துவிட்டு ஓடிவரும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. "ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும்" என்று நெருக்கினால் கிடைக்கக்கூடியது பிரிட்ஜ். அதற்காகப் பால்பல்லை எடுத்து, அதன் இரு பக்கமும் உள்ள சொத்தையில்லாத நல்ல பற்களைச் சுற்றிலும் செதுக்கித் தொப்பி மாட்டுவார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் இரண்டு நல்ல பற்கள் அன்றோடு பழைய நிலைக்குத் திரும்ப முடியாதபடி குறைந்துபோகும், அந்தப் பிரிட்ஜையும் வாழ்நாளில் பலமுறை மாற்ற நேரும். அதைவிடப் பால்பல்லைப் பசையால் ஒப்பேற்றிக்கொண்டு கல்யாணத்தை நடத்துங்கள். சிகிச்சையைப் பிறகு நிதானமாகத் தொடங்கலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவதில் கூச்சம் வேண்டாம், இது நோயல்ல. கர்ப்ப காலத்தில் அவசரமில்லாத எக்ஸ்ரேயையும் அறுவையையும் தள்ளிவைப்பார்கள் என்பதை மட்டும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக்குப் பயந்து பல வீடுகளில் பேச்சே எடுப்பதில்லை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல் சீரமைப்பு நிபுணர் தனியார் கிளினிக்கில் கேட்கும் தொகையைக் கேட்டு மலைத்துப் போகிறவர்கள் அங்கே ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், பலமுறை போய்வர வேண்டியிருக்கும். பத்து வயதிலேயே கண்டுபிடித்த வீட்டுக்குக் காத்திருக்க அவகாசமும் இருக்கும். எங்கே போனாலும் பழைய எக்ஸ்ரேக்களைக் கையோடு எடுத்துப் போங்கள். பல் நகர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கம்பி கழற்றிய பிறகு அண்ணத்துப் பக்கமிருந்து வந்த பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதால், உள்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிடுவார்கள். வெளியே தெரியாது. அது விடுபட்டால் அந்த வாரமே போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.